மகேந்திரண்ணை வெட்டிய மலை

செய்தியை அவருடைய மகள் நிரோஷாதான் சொன்னாள். ரூ லூயி-பிளாங் தெருவில் எங்கள் தொலைபேசிக் கடையில் ஒரு அம்மாவுக்கு நான் அப்போது சிம் மாற்றிக்கொண்டிருந்தேன். நிரோஷா இங்கே பிறந்தவள், என்னோடு எப்போதும் பிரெஞ்சில்தான் பேசுவாள். இதையும் பிரெஞ்சில்தான் சொன்னாள்: அப்பா விடிய ஆறு மணிக்குப் போய்விட்டார், தெரிந்தவர்களுக்கு நீங்களே அறிவித்துவிடுங்கள். சரி என்றேன். சிம்மைப் போட்டு முடித்து அந்த அம்மாவை அனுப்பிவிட்டு, பின்னறைக்குப் போய் அவருடைய கதிரையில் இருந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இனி நான் யாரோடு சண்டை பிடிக்கிறது என்ற கோபம்.

மகேந்திரண்ணையை உங்களில் பலருக்குத் தெரியும். நம் கடைகள் இருக்கிற லா சப்பலில் கேஸ் எழுதுகிறவர் யார் என்று கேட்டால் கை காட்டுவது அவரைத்தான். அகதி விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டிய கதையை, வந்தவர் சொல்லச் சொல்ல அவர் தமிழில் எழுதுவார். நான் அதைப் பிரெஞ்சில் ஆக்கித் தட்டச்சு செய்வேன். பன்னிரண்டு வருடம் ஒரே மேசையில் இருந்தோம். அவரைப் பற்றிய நல்லதையெல்லாம் முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் மைக் பிடித்துச் சொல்லி முடித்துவிட்டீர்கள். நான் அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அன்று சாப்பாட்டு வரிசையில் நாலு பேர் என்னைப் பிடித்துக் கேட்டீர்கள், கையில் தந்த கல்வெட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பெயரில்லாமல் ஒரு ஆள் இருக்கிறாரே, அது யார் என்று. வாயைத் திறக்காமல் சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெயரை இங்கேயும் சொல்லமாட்டேன். அது ஏன் இல்லை என்பதைச் சொல்கிறேன். கேட்டபிறகு என்னைத் திட்டுவதென்றால் திட்டுங்கள், அவரையும் சேர்த்துத் திட்டுங்கள்.

வந்த புதிதில் மகேந்திரண்ணை ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்யப் போவார். மலையேறுகிறவர்களின் பழைய சஞ்சிகைகளை அங்கே ஒரு நாள் கட்டுக்கட்டாகக் குப்பைக்கு வைத்திருந்தார்கள். அவற்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அகராதியை வைத்துக்கொண்டு அவற்றில்தான் பிரெஞ்சு படித்தார். பனிக்கோடரி, பனிப்பிளவு, கொக்கிக் கயிறு எல்லாவற்றுக்கும் அவருக்குப் பிரெஞ்சு தெரியும். பேக்கரியில் ஒரு பாண் கேட்பதற்கு மட்டும் தடுமாறுவார். அந்தச் சஞ்சிகை ஒன்றில்தான் யூயையாக்கோவின் படம் இருந்தது. ஆர்ஜென்டீனாவுக்கும் சிலிக்கும் நடுவில் நிற்கிற எரிமலை. எல்லைக்கோடு அதன்மேலாலே போகிறது. ஆறாயிரத்து எழுநூறு மீற்றருக்கும் மேலே உயரம், சுற்றிவரப் புல் பூண்டில்லாத பாலைவனம். “ரண்டு நாட்டுக்காரனும் தன்ரை எண்டுறான். மலையிட்டை ஒருத்தன்ரை வதிவிடக் கார்ட்டும் இல்லை. எங்கடை ஆள்தான்” என்பார். வேறு எந்த மலையும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. இதில் ஆர் ஆர் ஏறினார்கள், ஆர் ஏறினேன் என்று பொய் சொன்னார்கள், ஆர் திரும்பி வரவில்லை என்று கொப்பிகளில் எழுதிக்கொண்டேயிருந்தார். “மலை மகேந்திரன்” என்று நீங்கள் பட்டம் வைத்தது அதனால்தான். அவருக்கோ ஆஸ்துமா இழுப்பு. மொம்மார்த் குன்றுக்கே கயிற்று வண்டியில்தான் போவார்.

அந்த மலையின் கதையில் அவருக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. போன நூற்றாண்டின் நடுவில் சிலிக்காரர் இருவர், நாங்கள்தான் முதலாவது என்று நினைத்துக்கொண்டு உச்சியில் போய் நிற்கிறார்கள். பார்த்தால் அங்கே கல் அடுக்கிக் கட்டிய சுவர் இருக்கிறது, விறகு கிடக்கிறது. ஐந்நூறு வருடத்துக்கு முதலே இன்கா ஆட்கள் கயிறும் இல்லாமல் கம்பியும் இல்லாமல் ஏறிப் போயிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் மகேந்திரண்ணை மேசையில் தட்டிச் சிரிப்பார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, “மலையேறினவன்ரை வாயை நம்பக் கூடாது பிள்ளை. அங்கை என்ன கிடந்தது எண்டு கேக்க வேணும்” என்பார்.

கேஸுக்கு வந்தவர்களையும் அவர் அப்படித்தான் கேட்டார். வாயை நம்பமாட்டார். ஒரு தங்கச்சி, முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்தவள், வந்து இருந்தவுடனேயே அழத் தொடங்கிவிட்டாள். நான் தண்ணீர் எடுத்துவர எழும்பினேன். அவர் என்னை இருக்கச் சொன்னார். “கண்ணீருக்குத் திகதி இல்லை, தங்கச்சி. திகதியைச் சொல்லும்” என்றார். வெயில் முகத்தில் அடித்ததா முதுகில் அடித்ததா, பங்கருக்கு மேலே என்ன மரம், செல் குண்டு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டார். அவளுக்கு நினைவு வரவில்லை. வெளியே ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் நடந்து யோசித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். மழை தூறிக்கொண்டிருந்தது, அவளிடம் குடை இல்லை. ஒரு மணித்தியாலம் கழித்து நனைந்துபோய் வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவளுக்குக் கார்ட் கிடைத்தது. லட்டுப் பெட்டியோடு வந்தாள். இரண்டு லட்டைச் சாப்பிட்டுவிட்டு அவளிடம் கேட்டார், அந்த மரம் பாலைதான் என்று நிச்சயமாகத் தெரியுமா என்று.

இப்படிப்பட்ட மனிசனோடு பன்னிரண்டு வருடம் எப்படி இருந்தாய் என்று என் அக்கா கேட்பாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கொடுமை எனக்குப் பிடித்திருந்தது. அவர் கேட்டுக் கிழித்தபிறகு அகதி அலுவலகத்தில் கேட்கிற கேள்வி எதுவும் வலிக்காது. பேயிடம் பழகினவனுக்குப் பூனை ஒரு பொருட்டா என்று நானே பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். யோகன் வரும்வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

யோகன் என்பது அவருடைய பெயர் அல்ல. ஊரையும் மாற்றியிருக்கிறேன், உறவையும் மாற்றியிருக்கலாம். துருவி விசாரித்துக்கொண்டு திரியாதீர்கள். யோகனுக்கு முப்பது வயதிருக்கும். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து கதிரையின் நுனியில் இருந்தார். ஊரில் பிடித்துக்கொண்டு போய் அடித்திருக்கிறார்கள், முதுகெல்லாம் தழும்பு. விட்டபிறகு திரும்பவும் தேடி வந்திருக்கிறார்கள். தாய் காணியை ஈடு வைத்து இவரையும் தம்பியையும் ஒரே ஏஜென்சியிடம் அனுப்பியிருக்கிறாள். தம்பிக்குப் பத்தொன்பது வயது. அந்த ஏஜென்சிக்காரன் அவர்களை ஆர்ஜென்டீனாவில் கொண்டுபோய் இறக்கினான். அங்கிருந்து சிலிக்குள் போக வேண்டும், சிலியில் வேறு பாஸ்போர்ட் தந்து ஐரோப்பாவுக்கு விமானம் ஏற்றுவான். எல்லைக் காவலறைக்குத் தெரியாமல் லொறி அவர்களை ஒரு வெளியில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. வழிகாட்டியோடு ஒரு பகல் முழுக்க நடந்தால் மற்றப் பக்கத்தில் வாகனம் நிற்கும். இதைச் சொல்லிக்கொண்டு வரும்போது யோகன், பகல் முழுக்க இடது கைப் பக்கத்தில் ஒரு வெள்ளை மலை எங்களோடேயே வந்தது என்றார்.

மகேந்திரண்ணை எழும்பிவிட்டார். சுவரில் மாட்டியிருந்த அந்த மலைப்பகுதியின் வரைபடத்தைக் கழற்றி மேசையில் விரித்தார். லொறி எந்த ஊரிலிருந்து வெளிக்கிட்டது, தண்டவாளத்தைத் தாண்டினீர்களா, உப்புத்தரை எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு விரலை நகர்த்திக்கொண்டு போனார். விரல் யூயையாக்கோவின் வடக்கில் போய் நின்றது. முப்பது வருடமாகத் தாளில் பார்த்த மலை. அதன் அடியில் நடந்தவன், தன் ஊருக்குப் பக்கத்து ஊரவன், முன்னால் இருக்கிறான். அன்று அவருடைய முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முதலும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்கள் யோகனை வரச் சொன்னார். நீலக் கோப்பு கேஸுக்கு, மஞ்சள் கோப்பு மலைக்கு. நான் இரண்டிலும் குறிப்பெடுத்தேன். முதல் பின்னேரத்தில் நீலக் கோப்பில் நாலு பக்கம் எழுதினோம். மற்ற இரண்டு பின்னேரமும் மஞ்சள் கோப்புத்தான். பனி எந்த உயரத்தில் தொடங்கியது, காற்று எத்தனை மணிக்கு எழும்பியது, கல் அடுக்கிய சுவர் ஏதும் கண்டீரா என்று கேட்டார். சிலிக்காரர் ஒரு காலம் பக்கத்து நாட்டுக்குப் பயந்து அந்த எல்லையில் கண்ணிவெடி புதைத்தவர்கள், அதற்குப் பலகை ஏதும் நின்றதா என்றும் கேட்டார். ஓம், மண்டையோடு போட்ட பலகை நின்றது என்றார் யோகன். “அதைக் கண்டவுடனை தம்பி சிரிச்சவன் அண்ணை. ஊருக்குத் திரும்பி வந்திட்டம் எண்டான்.” அந்தப் பலகைக்குப் பிறகு, சில்லுத் தடத்தை விட்டு ஓரடி தள்ளியும் கால் வைக்கக் கூடாது என்று வழிகாட்டி சொல்லியிருக்கிறான்.

தம்பி நின்றுபோனதும் அந்தத் தடத்தில்தான். அந்த உயரத்தில் மூச்சு வாங்கி, சத்தியெடுத்து, கடைசியில் கால் எழும்பவில்லை. தூக்கிக்கொண்டு போக ஒருவருக்கும் சீவனில்லை. ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய் இருத்துவதற்கும் வெடிப் பயம். தடத்தின் ஓரத்தில் ஒரு கல்லோடு சாய்த்து இருத்திவிட்டு, யோகன் தன்னுடைய ஜாக்கெட்டையும் காலுறையையும் கழற்றி அவனுக்குப் போட்டிருக்கிறார். வாகனத்தோடு திரும்பி வருகிறோம் என்றிருக்கிறார்கள். வாகனக்காரன் திரும்பவில்லை. யோகன் காலைப் பிடித்துக் கெஞ்சியும் திரும்பவில்லை.

இதோடு யோகன் சொல்லி முடித்தார். மகேந்திரண்ணை ஆறுதல் சொல்லத் தொடங்கினார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, அன்று சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்த மலை உச்சியில் மூன்று பிள்ளைகளைத் தோண்டி எடுத்தார்கள் என்று தொடங்கினார். இன்கா ஆட்கள் கடவுளுக்குப் பலியென்று கொண்டுபோய் விட்ட பிள்ளைகள், ஐந்நூறு வருடம் கழித்தும் இருந்தபடியே இருந்தார்கள், முகத்தில் தூக்கம் கலையவில்லை.

“பிள்ளையளுக்கு நொந்திருக்காது, தம்பி. நித்திரை மாதிரித்தான். உம்மடை தம்பிக்கும் அப்பிடித்தான் போயிருக்கும்.”

யோகன் வரைபடத்தில் அந்த மலையின்மேல் விரலை வைத்தார். பிறகு கேட்டார்: “அந்தப் பிள்ளையளை ஆர் அண்ணை மேலை கூட்டிக்கொண்டு போனது?”

மகேந்திரண்ணை வரலாற்றில் பொய் சொல்லமாட்டார். “அவையின்ரை சொந்த ஆக்கள்தான்” என்றார்.

அதைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார் மனிசன். சாயங்காலம் மலையின் மேற்குப் பக்கம் என்ன நிறமாக இருந்தது என்று. யோகன் அதற்கும் பதில் சொன்னார். ஒரு முறை என் பக்கம் திரும்பி, “அக்கா, இதெல்லாம் கேஸுக்கு வருமோ?” என்று கேட்டார். நான் எழுதிக்கொண்டிருந்தது மஞ்சள் கோப்பில். ஓம் என்றேன். அந்த ஒரு “ஓம்” என்னை இன்றைக்கும் நிம்மதியாகச் சாப்பிட விடுவதில்லை.

கேஸ் எழுதுகிறபோது மகேந்திரண்ணை அந்த மலையைக் கதையிலிருந்து வெட்டினார். இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். வழியை வெட்டுவது அவர் கண்டுபிடித்த தந்திரம் அல்ல, லா சப்பலில் எல்லோருக்கும் பழக்கம். வழியில் இத்தனை நாட்டில் காலை வைத்தாயே, அங்கே ஏன் தஞ்சம் கேட்கவில்லை என்று கேட்பார்கள், ஒரு கேள்வி பத்துக் கேள்வியாகும் என்ற பயம். ஆகவே நம் கேஸ்களில் எல்லோரும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறி நேரே இங்கே ருவாசியில் இறங்குவார்கள். நடுவில் போன நாலு மாதத்தை எங்கேயாவது வைக்க வேண்டுமே. யோகனை நாலு மாதம் கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் ஒளித்து வைத்தார் மகேந்திரண்ணை. கேஸில் தம்பி ஊரிலேயே தங்கிவிட்டான். நான் அதைப் பிரெஞ்சில் அழகாக எழுதினேன். லொட்ஜின் ஜன்னலுக்கு ஒரு பச்சைத் திரை கூடப் போட்டேன்.

முதுகுத் தழும்புகளுக்கு ஒரு மருத்துவரிடம் சான்றிதழ் எடுத்து இணைத்தோம். அது நேர்மையான மருத்துவர். உடம்பில் உள்ளதையெல்லாம் தலையிலிருந்து கால்வரை ஒழுங்காக எழுதியிருந்தார். கடைசி வரி: வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை, பனிக்கடியில் உறைந்ததால் வெட்டப்பட்டவை. நான் கண்டேன். அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, முதுகுக்குத்தான் சான்றிதழ், காலை ஆர் பார்க்கப் போகிறார்கள் என்றார். உச்சியில் ஒரு சுள்ளி கிடந்தாலும் ஆள் வந்து போனதற்கு அத்தாட்சி என்று எனக்குச் சொல்லித்தந்த மனிசன். நானும் கோப்பை மூடினேன்.

விசாரணை முடிந்து யோகன் நேரே கடைக்கு வந்தார். விசாரித்த பெண் நல்லவள் என்றார், தண்ணீர் தந்தாளாம். லொட்ஜைப் பற்றிக் கேட்டாளாம், பச்சைத் திரையைச் சொன்னாராம். பிறகு சான்றிதழின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிவிட்டு, கொழும்பில் எந்த மாதம் பனி பெய்தது என்று அமைதியாகக் கேட்டிருக்கிறாள். கோப்பில் இல்லாத ஒரு சொல்லும் வாயிலிருந்து வரக் கூடாது என்று மகேந்திரண்ணை சத்தியம் வாங்கியிருந்தார். யோகன் சத்தியத்தைக் காப்பாற்றினார். ஒன்றும் சொல்லாமல் இருந்தார். மறுப்புக் கடிதம் வந்தது. அப்பீலில் மலையைச் சொன்னோம், தம்பியைச் சொன்னோம், காலுறையைச் சொன்னோம். இவ்வளவு பெரிய விசயத்தை முதலிலேயே சொல்லாமல் இப்போது சொல்வது நம்பும்படியாக இல்லை என்று எழுதிவிட்டார்கள். நானாயிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மகேந்திரண்ணை அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மடித்து வைத்தார். “கேஸ் நல்ல கேஸ்தான், பிள்ளை. கால்தான் பிழைச்சுப் போச்சு” என்றார்.

அன்றுதான் நான் அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். முன்கடையில் நின்ற சனமெல்லாம் கேட்டது. அந்தப் பிள்ளை தன் தம்பியை உங்களுக்குக் கதையாகக் கொண்டுவந்து தந்தான், நீங்கள் மலையை உங்களுக்கு எடுத்துக்கொண்டு லொட்ஜை அவனுக்குக் கொடுத்தீர்கள் என்றேன். நீங்கள் ஒரு பிணந்தின்னி என்றேன். அவர் இழுப்பு மருந்தை எடுத்து இரண்டு தரம் இழுத்தார். பிறகு மஞ்சள் கோப்பை என் பக்கம் தள்ளி, இதை எப்ப தட்டச்சு செய்து தருவீர் என்று கேட்டார். நான் ஒரு மாதம் பின்னறைப் பக்கமே போகவில்லை. பிறகு போனேன். எழுதத் தெரியாத சனம் வந்து வாசலில் நிற்கிறபோது எத்தனை நாளுக்குக் கோபம் காட்டுவது?

மஞ்சள் கோப்பையும் தட்டச்சு செய்தேன். அந்தப் பகுதி நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. யூயையாக்கோவைப் பற்றி அவர் எழுதியதில் உயிருள்ள பகுதி அது ஒன்றுதான், மற்றதெல்லாம் திகதியும் உயரமும். கடைசி அத்தியாயம் மலையில் இறந்தவர்களின் பட்டியல். எந்த நாட்டுக்காரன், எந்தப் பக்கத்தால் ஏறினான், எங்கே புதைத்தார்கள் என்று ஒவ்வொருவருக்கும் பெயரும் ஊரும் இருந்தது. கடைசி வரியில் மட்டும், “ஒரு பயணி. இளைஞர். பெயர் தெரியாது” என்று எழுதியிருந்தார். பெயர் தெரியாதா, என் கையால் எழுதின பெயர் என்று கேட்டேன். கேஸ் நடக்கிறபோது பெயரைப் போட்டால் கேஸ் கெடும் என்று முன்பு சொன்னவர், கேஸ் செத்தபிறகும் போட மறுத்தார். உடல் கிடைத்ததா? பொலிஸ் பதிவு உண்டா? கூட நடந்தவன் ஒருவனாவது வந்து சொன்னானா என்று கேட்டார்.

“அண்ணன்காரன் சொல்லுறது அத்தாட்சி இல்லை, பிள்ளை. இது வரலாறு.”

மறுப்புக் கடிதத்தில் இருந்ததும் ஏறக்குறைய இதே வசனம்தான், அது பிரெஞ்சில் இருந்தது. நான் சொன்னேன். அவர் கோப்பை மூடி உறைக்குள் வைத்தார்.

போன குளிர்காலம் அவருக்கு நுரையீரல் முற்றாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தார். வீடு இருக்கிற திரான்சியிலிருந்து மனைவி நாள்தோறும் கஞ்சி கொண்டுவருவார், அதையும் உப்பில்லை என்று திட்டுவார். நான் போன கடைசித் தடவை என்னை அடையாளம் கண்டு, கிட்ட வரச் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்து, அந்தப் பொடியன்ரை பெயரைப் போடும் என்றார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் பிடித்ததில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிடந்துவிட்டு, திரும்ப முழித்துக் கேட்டார்: “அவன்ரை பேர் என்ன?”

மறந்துவிட்டார். உப்புத்தரை நினைவிருந்தது, காற்று எழும்பிய மணி நினைவிருந்தது, பெயர் மறந்துவிட்டது. நான் சொன்னேன். தலையை ஆட்டினார். அடுத்த கிழமை நிரோஷா தொலைபேசி எடுத்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். தேவாரமும் வம்ச விவரமும் போட்டு ஒரு சின்னப் புத்தகம், வந்தவர்களுக்குக் கொடுப்பது நம்முடைய வழக்கம். அப்பா எழுதின மலையையே அடிப்போம், முன்னுக்கு நாலு தேவாரத்தைப் போட்டால் போதும் என்று நிரோஷா சொன்னாள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை, தகப்பனை எங்களைவிட நன்றாக விளங்கிக்கொண்டாள். இறுதிப் பிரதி என்னிடம் வந்தது. கடைசி வரியில் பெயரைத் தட்டச்சு செய்தேன். மூன்று வருடக் கடன் தீர்ந்த மாதிரி இருந்தது. பிறகு, அச்சுக்குப் போக முதல் யோகனிடம் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நல்ல செய்தி கொண்டுபோகிறேன் என்ற நினைப்பு.

கார்ட் இல்லாத யோகனுக்கு ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் ஒரு உணவகத்தின் நிலவறைச் சமையலறையில் வேலை. பின்னேரம் மூன்று மணிக்கு, சாப்பாட்டுச் சனம் கலைந்தபிறகு போனேன். வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் இருந்து உரித்துக்கொண்டிருந்தார். மகேந்திரண்ணை கடைசியில் பெயரைப் போடச் சொன்னார் என்றேன். பக்கத்தைக் காட்டினேன். நன்றாகக் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, தம்பியின் பெயரை வாசித்தார். திருப்பித் தந்தார்.

“எடுத்துவிடுங்கோ அக்கா. அம்மாவுக்குத் தெரியாது.”

தாய்க்கு இவர் சொல்லவேயில்லை. தம்பி சிலியில் ஒரு பண்ணையில் வேலை, அங்கே பேசுகிறதற்கு சிக்னல் இல்லை, எழுத்துச் செய்தி மட்டும்தான் போகும் என்று மூன்று வருடமாகச் சொல்லி வருகிறார். கல்லோடு சாய்த்து இருத்தும்போது, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தம்பியின் தொலைபேசியை வாங்கித் தன் சட்டைக்குள் வைத்திருக்கிறார். அந்தத் தொலைபேசியிலிருந்துதான் தாய்க்குப் பதில் போகிறது. இந்தக் கல்வெட்டுகள் ஊருக்குப் போகும், ஆரோ ஒருவர் பார்த்துவிட்டு அம்மாவிடம் போய்த் துக்கம் விசாரிப்பார் என்றார். சொல்லிக்கொண்டே அந்தத் தொலைபேசியை எடுத்துக் காட்டினார். தாய் ஒரு படம் அனுப்பியிருந்தார். சாதகக் குறிப்பு. தம்பிக்கு இருபத்திரண்டு முடிகிறது, இப்போதே பார்த்து வைத்தால்தான் நல்ல இடம் அமையும் என்று பொம்பிளை பார்க்கத் தொடங்கியிருக்கிறார். சாத்திரி பொருத்தம் பார்த்து, மாப்பிளைக்கு ஆயுள் தீர்க்கம் என்று எழுதியிருந்தார்.

யோகன் என்னை நிமிர்ந்து பார்த்தார். இதற்கு ஒரு பதில் எழுதித் தாருங்கள், இனி எனக்கு எழுத வராது, உங்களுக்கு எழுதிப் பழக்கம்தானே என்றார். அதில் குத்தல் ஒன்றும் இருக்கவில்லை. இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அங்கேயே, மூட்டைமேல் இருந்துகொண்டு எழுதினேன். பண்ணைக்காரன் இரண்டு வருடத்துக்கு விடமாட்டான், பொம்பிளையைக் காக்க வைக்க வேண்டாம், வேறு இடம் பார்க்கட்டும். பண்ணைக்கு ஒரு நாயைக் கொடுத்தேன், தோடம்பழ மரங்களைக் கொடுத்தேன். எங்கே எதைப் போட வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. அன்று பின்னேரம் கடைக்குத் திரும்பிப் போய்ப் பெயரையும் எடுத்தேன். “பெயர் தெரியாது” என்ற அவருடைய வரியையே திரும்பப் போட்டு அச்சுக்கு அனுப்பினேன். மண்டபத்தில் உங்கள் கையில் கிடைத்தது அதுதான்.

மகேந்திரண்ணையிடமிருந்து நான் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டால், வரைபடத்தை நிரோஷா எடுத்துக்கொண்டாள், கொப்பிகள் மனைவியிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது அவருடைய தொழில். மாதத்தில் ஒரு நாள் பின்னேரம் மூன்று மணிக்கு அந்த நிலவறைக்குப் போகிறேன். போன தடவை நான் எழுதி அனுப்பி முடிக்க முதலே தாயின் பதில் வந்துவிட்டது, குரல் செய்தியாக. யோகன் கேட்கமாட்டேன் என்று அடுப்படிக்கு எழும்பிப் போய்விட்டார். நான் காதில் வைத்துக் கேட்டேன்.

“என்ரை ராசா, அங்கை சரியான குளிரோ?”

இல்லை அம்மா, இஞ்சை நல்ல வெயில் என்று எழுதினேன்.